கைவினைச் செல்வர் ஹயகாவா

செல்வங்கள் பலவற்றுள்ளும் கைத்தொழிலாகிய செல்வம் தனிச்சிறப்பு உடையது. பொன்னையும் பொருளையும் கள்வர் கவர்வர். மாடமும் மாளிகையும் ஒரு நாளில் சாம்பலாகும். பயின்ற கையின் திறனோ, உடையவர் உயிர்வாழுமளவும் அவரை விட்டு நீங்குவதில்லை. இவ்வுண்மைக்குத் தம் வாழ்வையே சான்றாக்கியவர் டோக்குஜி ஹயகாவா. ஜப்பான் நாட்டிலேயே வானொலிப் பெட்டியைச் செய்து மக்களுக்கு அளித்த முன்னோடிகளுள் அவர் ஒருவர்.

ஹயகாவா 1893ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 3ஆம் நாள் டோக்கியோ மாநகரில் பிறந்தார். இரண்டு வயது நிரம்புமுன்பே வேறொரு குடும்பத்தார்க்குத் தத்துப்பிள்ளையாகக் கொடுக்கப்பெற்றார். அவரை அன்போடு வளர்த்த தாய் விரைவில் இறந்தார். பின்னர் அவ்வீட்டிற்கு வந்த மாற்றாந்தாயிடம் அவர் பெற்றது கடுமொழியே. வறுமை மிக்க அவ்வீட்டில், பசித்த வயிற்றோடு இரவு நெடுநேரம் தீப்பெட்டிக் கூடுகளை ஒட்டுவது அவருடைய வேலையாயிற்று. பள்ளிப் படிப்பும் இரண்டாம் ஆண்டளவில் நின்றுபோயிற்று.

அண்டையில் இனோவே என்னும் மூதாட்டி ஒருவர் வாழ்ந்தார். அவருக்குக் கண்பார்வை இல்லை. ஆயினும் சிறுவனின் துன்பம் அவர் உள்ளத்திற்குப் புலனாயிற்று. 1901ஆம் ஆண்டில் அவர் சிறுவனின் கையைப் பற்றி அழைத்துச் சென்று, உலோக அணிவேலை செய்யும் கம்மியர் ஒருவரிடம் தொழில் பயில விட்டார். கண்ணில்லாத அவ்வம்மையார் காட்டிய வழியே ஹயகாவாவின் வாழ்க்கை வழியாயிற்று. எட்டு வயதும் நிரம்பாத அவர், உலோகத்தை வெட்டவும் வளைக்கவும் மெருகிடவும் பல ஆண்டுகள் பொறுமையோடு பயின்றார்.

பயின்ற தொழில் பயன் தரத் தொடங்கியது. 1912ஆம் ஆண்டில், துளையில்லாத இடைவாரையும் இறுக்கிப் பிடிக்கவல்ல கொளுவி ஒன்றை அவர் புதிதாக அமைத்தார். கடன் வாங்கிய சிறு முதலைக் கொண்டு, தமக்கெனத் தொழிற்கூடம் ஒன்றையும் நிறுவினார். 1915ஆம் ஆண்டில், திருகினால் கரிமுனை வெளிவரும் உலோக எழுதுகோலைச் செய்தார். குளிர்காலத்தில் அது கைக்குத் தண்ணென்றிருக்கும் என்றும், ஜப்பானியர் உடைக்குப் பொருந்தாது என்றும் கூறி வணிகர் அதனை ஏற்க மறுத்தனர். அவர் மனந்தளரவில்லை. அயல்நாட்டார் அதனை விரும்பி வாங்கிய பின்னரே உள்நாட்டாரும் அதன் அருமையை உணர்ந்தனர். தொழில் வளர்ந்தது, தொழிலாளர் பலர் அவரை நம்பி வாழ்ந்தனர்.

அந்நிலையில், 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் நண்பகல் வேளையில் டோக்கியோவைப் பெருநிலநடுக்கம் தாக்கியது. அடுப்புகளில் எரிந்துகொண்டிருந்த தீ மரவீடுகளைப் பற்றிக்கொண்டது. அப்பேரிடரில் இறந்தோர் ஓரிலக்கத்திற்கும் மேற்பட்டோர். ஹயகாவாவின் தொழிற்சாலை எரிந்தது. அன்பு மனைவியும் ஆண்மக்கள் இருவரும் அவ்விடரால் மாண்டனர். எஞ்சியது கடன் ஒன்றே. தாம் அரும்பாடுபட்டுக் கண்ட எழுதுகோலின் உரிமையையும் ஒசாகா நகரத்து நிறுவனம் ஒன்றற்கு அளித்துக் கடன் தீர்க்கும் நிலை நேர்ந்தது. முப்பது வயதில் அவர் மனைவி மக்களையும் தொழிலையும் ஒருங்கே இழந்தார்.

ஆயினும் அவர் கைகள் தாம் கற்றதை மறக்கவில்லை. ஒசாகா சென்ற அவர், 1924ஆம் ஆண்டில் சிறு பட்டறை ஒன்றை அமைத்தார். ஒருநாள் கடிகாரக் கடையொன்றில் அமெரிக்காவிலிருந்து வந்த படிக வானொலிப் பெட்டியைக் கண்டார். ஜப்பானில் வானொலி ஒலிபரப்பு அப்போது தொடங்கவில்லை. ஹயகாவா மின்னியலும் கற்றவரல்லர். எனினும் அப்பெட்டியை வாங்கினார். பகுதி பகுதியாகப் பிரித்தார். ஒவ்வோர் உறுப்பையும் ஆராய்ந்து, அதுபோலவே செய்து பார்த்தார். 1925ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் டோக்கியோவிலும், சூன் திங்களில் ஒசாகாவிலும் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பட்டறையில் உருவான பெட்டி வானில் வந்த குரலைத் தெளிவாகக் கேட்பித்தது. ஆக்கியோர் அடைந்த மகிழ்ச்சி சொல்லுந்தரத்ததன்று. எழுதுகோலுக்கு இட்டிருந்த ஷார்ப் என்னும் பெயரையே வானொலிக்கும் சூட்டினார்.

படிகப் பெட்டி, வந்த அலையின் சிற்றாற்றலைக் கொண்டே ஒலிப்பது. ஆதலின் காதில் கருவி பொருத்திய ஒருவரே கேட்கலாம். வால்வு எனப்படும் வெற்றிடக் குழல் இக்குறையை நீக்கியது. காற்று நீக்கிய கண்ணாடிக் குழலுள் சூடேறிய எதிர்மின்வாய் மின்னணுக்களை வெளிவிடும். அவற்றின் ஓட்டத்தைக் கம்பி வலையொன்று கட்டுப்படுத்தும்; வலையில் சேரும் மெல்லிய குறிப்பு பன்மடங்கு பெருகி வெளிப்படும். 1929ஆம் ஆண்டில் ஹயகாவாவின் நிறுவனமும் வால்வு வானொலியை வெளியிட்டது. வீட்டார் அனைவரும் ஒருங்கிருந்து கேட்கும் காலம் பிறந்தது.

உயர்ந்தபோதும் அவர் பழைய நன்றியை மறந்தாரில்லை. தம் கைபிடித்து வழிகாட்டிய அம்மையாரை நினைந்து, போரில் கண்ணிழந்தோர்க்கென 1944ஆம் ஆண்டில் தொழிற்கூடம் அமைத்தார். 1950ஆம் ஆண்டில் அது கண்பார்வையற்றோர் தாமே நடத்தும் தனி நிறுவனமாயிற்று. அவர்களுக்குப் பிச்சையிடாது தொழில் தந்தமையே ஹயகாவா செய்த சிறப்பு. பின்னர்த் தொலைக்காட்சிப் பெட்டியும் மின்னணுக் கணிப்பானும் செய்து புகழெய்திய அவர் நிறுவனம், 1970ஆம் ஆண்டில் ஷார்ப் என்றே பெயர் பூண்டது. ஹயகாவா 1980ஆம் ஆண்டு சூன் 24ஆம் நாள் தம் 86ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

ஜப்பானியர் முற்காலத்தில் செய்த வால்வு வானொலிகளையும், இருசெவிக்கும் இருவேறு ஒலி தரும் ஸ்டீரியோ பெட்டிகளையும் இன்றும் தேடிப் பிடித்துச் செப்பனிடுவோர் உளர். அவர்கள் பெட்டியைத் திறந்து தூசு துடைப்பர்; கெட்டுப்போன மின்தேக்கியை மாற்றுவர்; ஒளி மங்கிய வால்வை ஆராய்வர்; நல்ல உறுப்பைத் தொடாது விடுவர். பொறுமையோடு பிரித்துப் பார்த்து அறியும் இம்முறையே ஹயகாவா அன்று கைக்கொண்ட முறையாகும். பழுதுற்ற பெட்டியை மீண்டும் ஒலிக்கச் செய்தல் அரிது. பாழ்பட்ட வாழ்வை மீண்டும் கட்டி எழுப்புதல் அதனினும் அரிது. அவ்வரிய செயலை ஹயகாவா செய்து முடித்தார். அதற்குத் துணைநின்றவை, இளமையில் பயின்ற தொழிலும் தளரா உள்ளமுமே அன்றோ!