ஊருக்கு மருத்துவம் செய்தவர்

ஒரு பழைய தெரு நெருக்கடியாகவும் தூய்மையின்றியும் இருக்கிறது. அதனை என்ன செய்வது? இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்பதே பலரது விடை. ஆயின், அங்கே வாழும் ஏழைகள் எங்கே செல்வர்? இக்கேள்வியை எழுப்பியவர் பேட்ரிக் கெடிஸ்.

இவர் 1854ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் ஸ்காட்லாந்து நாட்டில் பிறந்தார். இளமையில் தோட்டப்பணியில் ஈடுபாடு கொண்டு, பின்னர் உயிரியல் பயின்றார். 1879இல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றிருந்தபோது சில காலம் கண்பார்வையை இழந்தார். பார்வை மீண்ட பின்னும் நுண்ணோக்கியில் நெடுநேரம் பார்க்க இயலவில்லை. அவரது கவனம் மனிதர் வாழும் இடங்களின்மீது திரும்பியது.

1886இல் அன்னா என்பவரை மணந்தார். இருவரும் எடின்பரோவின் பழைய நகரில், ஏழைகள் நெருங்கி வாழ்ந்த குடியிருப்பில் குடியேறினர். அண்டை வீட்டாருடன் இணைந்து துப்புரவு செய்தனர்; சுவர்களுக்கு வண்ணம் தீட்டினர்; செடிகள் வளர்த்தனர்.

1914இல் கெடிஸ் தம் நகரக் கண்காட்சியுடன் இந்தியாவிற்குப் புறப்பட்டார். அவர் ஒரு கப்பலிலும் கண்காட்சிப் பொருள்கள் வேறொரு கப்பலிலும் வந்தன. சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய எம்டன் என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பல் அப்பொருள்களோடு அந்தக் கப்பலையும் மூழ்கடித்தது. கெடிஸ் மனந்தளரவில்லை. நண்பர்கள் மீண்டும் பொருள்களைத் திரட்டி அனுப்ப, 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது.

பின்னர்த் தஞ்சாவூர் முதலிய நகரங்களைத் தெருத்தெருவாக நடந்து ஆராய்ந்தார். தஞ்சைக் கோட்டைப் பகுதியில் வீடுகளை இடித்து நேரான சாலைகள் அமைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. அது தேவையற்றது எனக் கெடிஸ் கண்டார். மிகவும் பழுதடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, இருக்கும் சந்துகளைச் சற்றே அகலப்படுத்தினால், எல்லா வீடுகளுக்கும் காற்று கிடைக்கும். செலவும் குறையும் என விளக்கினார். நல்ல மருத்துவர் நோயுற்ற பகுதியை மட்டும் நீக்கி உடலைக் காப்பது போன்றது இம்முறை. கொசுவுக்கு அஞ்சிக் குளங்களைத் தூர்ப்பதையும் அவர் ஏற்கவில்லை. மீனும் வாத்தும் கொசுப்புழுக்களைத் தின்னும் என்றார்.

1917ஆம் ஆண்டு அவருக்குப் பெருந்துயரைத் தந்தது. மூத்த மகன் போர்க்களத்தில் உயிரிழந்தார். அன்னா இந்தியாவிலேயே நோயுற்று மறைந்தார். துயரைத் தாங்கிக்கொண்டு கெடிஸ் பணியைத் தொடர்ந்தார். பிளேக் நோயால் வாடிய இந்தூர் நகரில் தீபாவளி ஊர்வலம் ஒன்றை நடத்தினார். எந்தத் தெருக்கள் மிகத் தூய்மையாக உள்ளனவோ அவற்றின் வழியே ஊர்வலம் செல்லும் என்று அறிவித்தார். மக்கள் போட்டியிட்டுக் கொண்டு குப்பைகளை அகற்றினர். நோய் பரப்பும் எலியின் பெரிய உருவமும் ஊர்வலத்தில் இடம்பெற்றது.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். 1925இல் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வகுத்தார். 1932 ஏப்ரல் 17ஆம் நாள் பிரான்சு நாட்டில் மறைந்தார்.

ஊர் என்பது வெறும் கட்டடங்கள் அன்று. அங்கு வாழும் மக்களே ஊர். மாணவர்களே, உங்கள் தெருவை ஒருமுறை நடந்து பாருங்கள். எதனைக் காக்க வேண்டும், எதனை மாற்ற வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கும்.

சொற்பொருள்
நுண்ணோக்கி – சிறியவற்றைப் பெரிதாகக் காட்டும் கருவி
சந்து – குறுகிய தெரு
தூர்த்தல் – மண்ணிட்டு மூடுதல்

வினாக்கள்
1. கெடிஸின் கவனம் மனிதர் வாழும் இடங்களின்மீது திரும்பியது ஏன்?
2. தஞ்சாவூருக்குக் கெடிஸ் கூறிய வழி யாது?
3. உங்கள் தெருவில் இடிக்காமல் திருத்தக்கூடிய ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.