நூறு பவுனில் ஒரு கடை: தேயிலை மன்னர் லிப்டன்

1871-ம் ஆண்டு மே மாதம் 10-ந் தேதி. ஸ்காட்லாந்து நாட்டில் கிளாஸ்கோ என்று ஒரு பெரிய துறைமுக நகரம். அங்கே ஸ்டாப்கிராஸ் தெருவில் ஒரு சிறிய கடை திறக்கப்பட்டது.

கடைக்காரருக்கு அன்று பிறந்த நாள். வயது 23. கையில் இருந்த முதல் 100 பவுன். அந்தக் காலத்தில் ஒரு பவுன் என்றால் நம் பணத்தில் சுமார் 10 ரூபாய். அதாவது, ஏறக்குறைய ஆயிரம் ரூபாயில் தொடங்கிய கடை.

கதவைத் திறப்பவர் அவரே. தரையைக் கூட்டுபவர் அவரே. எடை போட்டுக் கொடுப்பவரும் அவரே. இரவு நேரமாகிவிட்டால் வீட்டுக்குப் போகமாட்டார். கடை மேஜைக்குப் பின்னால் அப்படியே படுத்துத் தூங்கிவிடுவார்.

அவர் பெயர் தாமஸ் லிப்டன். இன்றைக்கும் தேயிலைப் பொட்டலத்தில் நாம் பார்க்கும் பெயர்தான் அது.

அம்மாவின் கையில் முட்டை

லிப்டனின் பெற்றோர் அயர்லாந்துக்காரர்கள். 1840-களில் அங்கே உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தது. பெரும் பஞ்சம் வந்தது. லட்சக் கணக்கானவர்கள் செத்தார்கள். தப்பியவர்களில் பலர் ஊரைவிட்டுக் கிளம்பினார்கள். லிப்டனின் பெற்றோரும் அப்படித்தான் பிழைப்புத் தேடி கிளாஸ்கோவுக்கு வந்தார்கள்.

1848-ல் தாமஸ் பிறந்தான். கூடப் பிறந்தவர்கள் நான்கு பேரும் சிறு வயதிலேயே இறந்துவிட்டார்கள். மிஞ்சியது இந்த ஒரு பிள்ளைதான்.

கிரவுன் தெருவில் பெற்றோர் ஒரு சின்னக் கடை வைத்தார்கள். வெண்ணெய், முட்டை, உப்பிட்ட பன்றி இறைச்சி ஆகியவற்றை விற்றார்கள். சரக்கு அயர்லாந்திலிருந்து கப்பலில் வரும்.

தாமஸ் சிறுவனாக இருந்தபோதே கடையில் ஒன்றைக் கவனித்தான். தந்தைக்குப் பெரிய கை. அவர் முட்டையை எடுத்துக் கொடுத்தால் முட்டை சிறியதாகத் தெரிந்தது. தாய்க்குச் சின்னக் கை. அவள் எடுத்துக் கொடுத்தால் அதே முட்டை பெரியதாகத் தெரிந்தது. இனிமேல் முட்டையை அம்மாதான் எடுத்துத் தரவேண்டும் என்றான் பையன்! முட்டை என்னவோ அதே முட்டைதான்.

பள்ளிப் படிப்பு அதிக நாள் நீடிக்கவில்லை. அச்சுக் கடையில் எடுபிடி வேலை பார்த்தான். சட்டை தைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தான். பிறகு, கிளாஸ்கோவுக்கும் பெல்பாஸ்டுக்கும் இடையே ஓடும் கப்பலில் ஏவலாளாகச் சேர்ந்தான். மாலுமிகள் அமெரிக்காவைப்பற்றிக் கதை கதையாகச் சொன்னார்கள். கேட்ட பையனுக்கு ஆசை பிறந்தது. சம்பளத்தை மிச்சம் பிடித்து அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறிவிட்டான்.

ஐந்து ஆண்டுப் பாடம்

நியூயார்க் துறைமுகத்தில் இறங்கியபோது சட்டைப் பையில் காசு அநேகமாக இல்லை. கரையில் விடுதிக்காரர்கள் ஆள் பிடிக்கக் காத்து நின்றார்கள். லிப்டன் ஒரு விடுதிக்காரரிடம் பேரம் பேசினார். கப்பலில் வந்த ஒரு டஜன் பேரை விடுதிக்கு அழைத்துவந்தால் தமக்கு இலவசமாக இடமும் சாப்பாடும் தரவேண்டும் என்றார். விடுதிக்காரர் ஒப்புக்கொண்டார். பிற்காலத்தில் லிப்டனே விரும்பிச் சொன்ன கதை இது.

வர்ஜீனியாவில் புகையிலைத் தோட்டத்தில் உழைத்தார். தென் கரோலினாவில் நெல் பண்ணையில் கணக்கு எழுதினார். வீடு வீடாகப் போய்ச் சாமான் விற்றார். கடைசியில் நியூயார்க்கில் ஒரு பெரிய கடையில் மளிகைப் பிரிவில் வேலை கிடைத்தது.

அங்கேதான் அவருக்குக் கண் திறந்தது. கடை பளிச்சென்று இருந்தது. சாமான்கள் கண்ணைக் கவரும்படி அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. வந்தவர்களை மரியாதையாக வரவேற்றார்கள். விளம்பரத்துக்குத் தாராளமாகச் செலவு செய்தார்கள். கிளாஸ்கோவிலோ, மளிகைக் கடை என்றால் இருட்டறை. சாமான் எங்கே இருக்கிறது என்று கடைக்காரருக்குத்தான் தெரியும்.

சம்பாதித்ததை அவர் செலவழிக்கவில்லை. 1870-ல் ஊர் திரும்பினார். தாய்க்கு ஒரு பீப்பாய் கோதுமை மாவும் ஒரு சாய்ந்தாடும் நாற்காலியும் வாங்கி வந்தார்.

தந்தையின் கடையைப் பெரிதாக்க ஆசைப்பட்டார். தந்தை சம்மதிக்கவில்லை. இருப்பது போதும், புதிதாக எதையாவது செய்து இருப்பதையும் இழக்கவேண்டாம் என்று அவர் நினைத்தார். பஞ்சத்தைக் கண்ணால் பார்த்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. மகன் தன் சேமிப்பை எடுத்துத் தனிக் கடை போட்டார்.

ரொக்கம், கொள்முதல், லாபம்

லிப்டன் கடை தெருவிலேயே வெளிச்சமான கடை. கண்ணாடி ஜன்னல் துடைத்துத் துடைத்து மின்னும். கடைக்காரர் வெள்ளை உடுப்பில் நிற்பார். சுற்றுவட்டாரத்தில் இருந்தவர்கள் கூலி வாங்கிப் பிழைக்கும் உழைப்பாளிகள். அவர்களுக்கு எது வேண்டும் என்று லிப்டனுக்குத் தெரியும். அவரே அப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளைதானே? விலை குறைவாக இருக்கவேண்டும். சரக்கு கெடாமல் இருக்கவேண்டும்.

விலையை எப்படிக் குறைப்பது? அயர்லாந்தில் ஒரு குடியானவன் விற்கும் வெண்ணெய், உள்ளூர் வியாபாரி, தரகர், மொத்த வியாபாரி என்று பல கை மாறி கிளாஸ்கோவுக்கு வரும். ஒவ்வொரு கையும் கொஞ்சம் லாபம் எடுக்கும். லிப்டன் நேரே அயர்லாந்துச் சந்தைக்கே போய்க் கொள்முதல் செய்தார். நடுவில் இருந்தவர்களின் லாபத்தில் ஒரு பங்கைத் தாம் எடுத்துக்கொண்டார். மறு பங்கை விலையில் குறைத்தார்.

கடன் கொடுப்பதில்லை. ரொக்கத்துக்கே விற்பனை. இன்று விற்ற பணம் நாளைக்கே சரக்காக மாறும்.

லாபம் வந்தது. அதை என்ன செய்தார்? இரண்டாவது கடை போட்டார். இரண்டு கடை லாபத்தில் மூன்றாவது. இப்படியே ஸ்காட்லாந்து முழுவதும், பிறகு இங்கிலாந்திலும் கடைகள் பரவின. கடைகளின் எண்ணிக்கை நூற்றுக் கணக்கில் ஏறிய பிறகும் முதலாளி ஒருவரே. கூட்டாளி கிடையாது. லாபத்தைக் கடையிலேயே திரும்பப் போடுவதுதான் அவர் அறிந்த முதலீடு.

கடைப் பையனைப்பற்றி ஒரு வேடிக்கைக் கதை உண்டு. ஆரம்ப நாளில் லிப்டன் ஒரு பையனை வேலைக்கு வைத்தார். அவன் உடுத்தியிருந்தது கந்தல். பார்க்கச் சகிக்காமல் ஒரு புது உடுப்பு வாங்கிக் கொடுத்தார். மறுநாள் பையனைக் காணோம். தேடிப் போனால், புது உடுப்பில் அவன் மிக நன்றாக இருந்ததால் வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று அவன் தாயார் சொன்னாளாம்!

பன்றி ஊர்வலம்

விளம்பரத்தில் லிப்டனை வெல்ல ஆள் இல்லை. கொழுத்த பன்றிகளை வாங்கிக் குளிப்பாட்டுவார். ரிப்பன் கட்டுவார். லிப்டனின் அனாதைகள் என்று எழுதிய கொடியோடு தெருத் தெருவாக ஓட்டி வருவார்கள். ஊரே கூடி வேடிக்கை பார்க்கும். வண்டிகள் நின்றுவிடும். பன்றிகள் போய்ச் சேரும் இடம் லிப்டன் கடை!

கடையில் இரண்டு கண்ணாடிகள் வைத்தார். ஒன்றில் பார்த்தால் ஆள் ஒட்டி உலர்ந்து தெரிவார். அது கடைக்குப் போகுமுன். மற்றதில் பார்த்தால் கொழு கொழு என்று தெரிவார். அது கடையிலிருந்து திரும்பும்போது. பெண்களும் குழந்தைகளும் சிரித்து மாளவில்லை.

1881 கிறிஸ்துமசுக்கு அமெரிக்காவிலிருந்து ஒரு ராட்சதப் பாலாடைக் கட்டியை வரவழைத்தார். 800 பசுக்களின் ஆறு நாள் பாலில் செய்தது என்று விளம்பரம் செய்தார். உள்ளே தங்கப் பவுன் காசுகளைச் செருகி வைத்தார். நம் வீடுகளில் நகைக்குப் பவுன் கணக்குச் சொல்கிறோமே, அந்தப் பவுன்தான். வெட்டி விற்கத் தொடங்கியதும் கூட்டம் முண்டியடித்தது. கூட்டத்தை அடக்கப் போலீஸ் வந்தது. சிறிது நேரத்தில் அவ்வளவும் விற்றுவிட்டது.

எல்லா வேடிக்கையும் நல்லபடியாக முடிந்ததென்று சொல்ல முடியாது. பவுன் நோட்டைப் போலவே ஒரு விளம்பரச் சீட்டு அச்சடித்தார். அதை உண்மை நோட்டு என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் உண்டு. விவகாரம் கோர்ட்டு வரை போயிற்று.

தேயிலை மலைக்கு

1889-ல் தாய் இறந்தாள். மறு ஆண்டு தந்தையும் போய்விட்டார். லிப்டன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தினமும் கடை விஷயத்தைத் தாயிடம் சொல்லி யோசனை கேட்டவர் அவர். வீடு வெறிச்சோடிப் போயிற்று. 1890-ல் இலங்கைக்குக் கப்பல் ஏறினார்.

இலங்கை மலைகளில் முன்பு காப்பிதான் விளைந்தது. 1869-ல் காப்பி இலையில் ஒரு நோய் தோன்றியது. இருபது ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்தன. துரைமார்கள் பலர் ஓட்டாண்டி ஆனார்கள். 1867-லேயே ஜேம்ஸ் டெய்லர் என்பவர் கண்டிக்கு அருகே தேயிலை பயிரிட்டுக் காட்டியிருந்தார். எல்லோரும் தேயிலைக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நிலம் மலிவாகக் கிடைத்தது. ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னை முதலிய தோட்டங்களை லிப்டன் வாங்கினார்.

வெண்ணெயில் செய்ததையே தேயிலையிலும் செய்தார். இங்கிலாந்தில் ஒரு ராத்தல் தேயிலை 3 ஷில்லிங் வரை விற்றது. ஏழைகள் அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். லிப்டன் 1 ஷில்லிங் 7 பென்சுக்கு விற்றார். 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். ஏறக்குறையப் பாதி விலை!

அதுவரை தேயிலையைப் பெட்டியிலிருந்து அள்ளித்தான் நிறுத்துத் தருவார்கள். தூசியும் சேர்ந்து வரும். எடையும் குறையும். லிப்டன் ஒரு ராத்தல், அரை ராத்தல், கால் ராத்தல் என்று பொட்டலம் கட்டினார். ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுவதால் அந்தந்த ஊர்த் தண்ணீருக்கு ஏற்றபடி தூளைக் கலந்தார். விளம்பரத்தில் கொழுந்துக் கூடை சுமந்த தமிழ்ப் பெண்ணின் படத்தைப் போட்டார்.

அந்தப் பெண் யார்? திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து கங்காணிகள் அழைத்துப்போன குடும்பங்களில் ஒருத்தி. காப்பிக் காலத்திலிருந்தே அவர்கள் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே பல நாள் நடந்து மலைக்குப் போனார்கள். வழியில் காய்ச்சலும் பேதியும் பலரைக் கொண்டுபோயின. வழிச் செலவு அவர்கள் பேரில் கடனாக ஏறும். கடன் தீர்ந்தாலன்றி வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. அந்தக் கடன் சீட்டுக்குத் துண்டு என்று பெயர். 1921-ல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. தங்குவதற்கு லயத்தில் ஒற்றை அறை.

தேயிலைப் பாதி விலைக்கு வந்ததற்குத் தரகர் இல்லாதது ஒரு காரணம். இந்தக் குடும்பங்களின் குறைந்த கூலியும் ஒரு காரணம். லண்டன் ஏழையின் கோப்பையை நிரப்பியவள் ஹப்புத்தளை மலையில் நின்ற ஏழைதான். படத்தில் அவள் முகம் சிரித்தபடி இருந்தது.

ஊரார் பணம்

1897-ல் விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்கு 60 ஆண்டு நிறைந்தது. லண்டன் ஏழைகளுக்கு விருந்து வைக்கப் பணம் போதவில்லை. லிப்டன் 25,000 பவுன் கொடுத்தார். மறு ஆண்டு அவருக்குச் சர் பட்டம் கிடைத்தது.

அதே 1898-ல் வியாபாரத்தைப் பங்குக் கம்பெனியாக மாற்றினார். முழு வியாபாரத்தையும் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து ஊரார் வாங்கும்படி விற்பதுதான் பங்குக் கம்பெனி. லாபம் வந்தால் பங்குக்கு இவ்வளவு என்று கிடைக்கும். வராவிட்டால் கிடைக்காது. கம்பெனியின் மூலதனம் 25 லட்சம் பவுன். பங்கு கேட்டு விண்ணப்பங்கள் குவிந்தன. இருந்த பங்குகளைப்போல் பல மடங்குக்குக் கேட்டார்கள். கணக்குப் பார்த்துக் கேட்டவர்கள் எத்தனை பேரோ, லிப்டன் என்ற பெயரைப் பார்த்தே கேட்டவர்கள்தான் அதிகம் என்று தோன்றுகிறது.

கடை மேஜைக்குப் பின்னால் படுத்துத் தூங்கியவர் இப்போது அரச குடும்பத்துக்கு நண்பர். பாய்மரப் படகுப் பந்தயத்தில் மோகம் பிறந்தது. அமெரிக்கக் கோப்பைக்காக 1899, 1901, 1903, 1920, 1930 ஆகிய ஆண்டுகளில் ஐந்து முறை போட்டியிட்டார். ஐந்திலும் தோற்றார்! தோல்வியைச் சிரித்துக்கொண்டே ஏற்றதால் அமெரிக்க மக்கள் பணம் திரட்டி அவருக்கு ஒரு தங்கக் கோப்பை பரிசளித்தார்கள். அவர் தேயிலைக்கும் அதனால் அமெரிக்காவில் நல்ல விளம்பரம்.

கம்பெனி மட்டும் முன்போல் இல்லை. சொந்தப் பணம் போட்டவர், தம் இஷ்டப்படி கடையை நடத்தலாம். பங்குதாரர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். பழைய வழக்கத்தை லிப்டனால் விட முடியவில்லை. மற்றவர்களும் அவரைப்போலவே வரிசையாகக் கடைகள் திறந்துவிட்டார்கள். 1920-களில் கம்பெனியின் நிலை தாழ்ந்தது. பங்குதாரர்கள் அதிருப்தி அடைந்தார்கள். 1927-ல் லிப்டன் தம் பங்குகளை விற்றுவிட்டார். பெயர் மட்டும் பொட்டலத்தில் நின்றது.

1931 அக்டோபர் 2-ந் தேதி லிப்டன் இறந்தார். மனைவி மக்கள் இல்லை. சொத்தில் பெரும் பகுதியை கிளாஸ்கோ நகரத்துக்கும் அங்குள்ள ஏழைகளுக்கும் எழுதி வைத்திருந்தார்.

கிளாஸ்கோவில் தாய், தந்தையின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்தார்கள். அம்மா முட்டை எடுத்துக் கொடுத்த கிரவுன் தெரு, அதே வட்டாரத்தில்தான் இருக்கிறது.