மணலில் எழுதிய பாதிரி

1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் கரையேறிய சீகன்பால்குக்கு 24 வயது நிறைய இன்னும் ஒரு நாள் பாக்கி. ஜெர்மானியர், டென்மார்க் மன்னர் அனுப்பிய பாதிரி.

வேதம் பரப்ப வந்தவர் முதலில் என்ன செய்தார்? தமிழ் வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அரிச்சுவடி எழுதினார்!

விடிந்ததும் வழிபாடு. 7 மணிக்குச் சொற்களை உருப்போடுவார். 8 முதல் 12 வரை, புலவர் துணையோடு ஓலைச்சுவடிகள். பிற்பகலிலும் ஏடுதான். இரவில் கண் நோகாதிருக்க, பிறர் படிக்கக் காதால் கேட்பார். இங்கேயே பிறந்தும் தமிழ் பேசக் கூசும் கனவான்கள் இந்த அட்டவணையைச் சற்றே பார்க்கட்டும்!

கோட்டையை ஆண்ட டேனிஷ் அதிகாரிக்கோ ஆத்திரம். விதவை ஒருத்தியின் வழக்கில் தலையிட்டதும் 1708இல் சிறையில் தள்ளினார். நாலு மாதம்!

வெளியே வந்தவர் 1715இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். தமிழர் தெய்வங்களைப் பற்றி 1713இல் அவர் எழுதிய நூலையோ, ஹாலே நகரத்துப் பெரியவர்கள் அச்சேற்ற மறுத்தனர். ஒழிக்கப் போன மதத்தை ஐரோப்பாவிலே பரப்புவதா என்று கோபம்!

1719இல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே மாண்டார். அந்த நூல் அச்சானது 1867இல், சென்னையில்.