ரயிலா, வாய்க்காலா? ஆர்தர் காட்டன் கதை

இந்தியாவின் முதல் ரயில் எதுன்னு கேட்டா, 1853, பம்பாய்–தானேன்னு சொல்லுவோம். அது முதல் பயணிகள் ரயில். அதுக்கு 16 வருஷம் முன்னாடியே, 1837-ல், செங்குன்றத்திலிருந்து ரோடு போடுற கல்லை ஏற்றிக்கொண்டு தண்டவாளத்தில் வண்டி ஓடியது. அதன் பின்னால் இருந்தவர் ஆர்தர் காட்டன். அதற்கு முன் 1836-ல் சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு சின்ன மாதிரிப் பாதை போட்டுப் பார்த்தார்கள்.

காட்டன் 1803-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1821-ல் சென்னைக்கு என்ஜினீயராக வந்தார். காவிரித் தண்ணி கொள்ளிடத்துக்கே அதிகம் போக, தஞ்சாவூர் வயல்கள் காய்ந்தன. மணலில் அஸ்திவாரம் போடுவது எப்படின்னு கல்லணையைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, 1836-ல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கினார். கோதாவரியில் அவர் கட்டிய தவளேசுவரம் அணை 1852-ல் முடிந்தது.

ரயில் பாதை போட்ட அதே ஆள்தான் பிறகு, ரயிலுக்குக் கொட்டுற பணத்தை வாய்க்காலுக்குப் போடுங்கன்னு அரசோடு மல்லுக்கட்டினார். ரயில் நெல்லைச் சுமக்கும், விளைவிக்காது; வாய்க்கால் ரெண்டும் செய்யும் என்பது அவர் கணக்கு. 1876–78 பஞ்சத்தில் ரயில் இருந்தும் லட்சக்கணக்கானோர் செத்தார்கள். 1878-ல் லண்டன் பார்லிமென்ட் குழு முன் நின்று தன் திட்டத்துக்குப் பதில் சொன்னார். 1899-ல் மறைந்தார்.

நம்ம படவேட்டில் ரயில் இல்லை; தண்ணி வந்தால்தான் வாழை நிற்கும். டெக் ஃபெஸ்ட்டுக்கு மாடல் ரயில் செய்யுறவங்க, பக்கத்தில் ஒரு வாய்க்காலும் வையுங்க.