வேனே வீடாக வாழ்ந்த பெரியார்

சித்தேரி மலைக்கு அரூரிலிருந்து பஸ் ஏறுகிறது. வளைந்து வளைந்து போகும் அந்தப் பாதையில், உள்ளே கட்டில் போட்ட வேன் ஒன்று வந்தால் எப்படி இருக்கும்! வேனையே வீடாக்கிக் கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் இப்போது பல நாடுகளில் இருக்கிறார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். ஊர் பார்ப்பது அவர்கள் ஆசை.

94 வயதுக் கிழவர் ஒருவர் நம் தமிழ்நாட்டில் அப்படி வாழ்ந்தார். ஊர் பார்க்க அல்ல, மக்களிடம் பேச! அவர்தான் ஈ.வெ.ரா. பெரியார்.

பணக்கார வீட்டுப் பிள்ளை

1879-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி ஈரோட்டில் பிறந்தார். தந்தை பெரிய வியாபாரி. பணத்துக்குக் குறைவில்லை. ஆனாலும் 1904-ல் தந்தையோடு மனத்தாங்கல் ஏற்பட்டு, வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். காசியில் பட்டினி கிடந்தார். பிறகு திரும்பி வந்து வியாபாரத்தைக் கவனித்தார். ஈரோடு நகரசபைத் தலைவராகவும் ஆனார்.

பொது வாழ்வுக்கு வந்தபின் வீடு தங்கவில்லை. வைக்கத்தில் கோவிலைச் சுற்றிய தெருக்களில் தாழ்த்தப்பட்டோர் நடக்கக் கூடாது என்று தடை இருந்தது. 1924-ல் அதை எதிர்த்துச் சிறை சென்றார். மறு ஆண்டு காங்கிரசை விட்டு விலகினார். சாதி ஒழியவேண்டும், பெண்ணுக்குச் சம உரிமை வேண்டும் என்று ஊர் ஊராகப் பேசினார். கடவுள் இல்லை என்று அவர் சொன்னது பலருக்குப் பிடிக்கவில்லை. செருப்பு வீச்சும் நடந்தது. அவர் பேச்சு நிற்கவில்லை.

1944-ல் சேலம் மாநாட்டில் திராவிடர் கழகம் பிறந்தது. அப்போது சித்தேரியும் சேலம் ஜில்லாதான். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-ல்.

காசு விஷயத்தில் பெரியார் மகா கெட்டி! கையெழுத்துக் கேட்டால் கட்டணம். குழந்தைக்குப் பெயர் வைத்தாலும் கட்டணம். சேர்ந்த பணம் இயக்கத்துக்குப் போயிற்று.

குழாயும் வேனும்

கடைசி ஆண்டுகளில் உடம்பு மோசமாகிவிட்டது. குடலிறக்க நோய் வாட்டியது. சிறுநீர் தானாக இறங்காது. குழாய் பொருத்தி, கூடவே ஒரு பாத்திரம். போகும் இடமெல்லாம் அதையும் கொண்டு போகவேண்டும். வீட்டில் படுத்திருக்க வேண்டிய நிலை. ஆனால் இந்த ஆசாமி படுப்பவரா?

அதனால்தான் வேன் அவருக்கு அத்தனை அவசியமாயிற்று. வழியில் படுக்கலாம். குழாயோடு சங்கடமில்லாமல் இருக்கலாம். பக்கத்திலேயே மணியம்மையார் இருந்து, உணவும் மருந்தும் கொடுத்துக் கவனித்துக் கொண்டார். கூட்டம் நடக்கும் ஊர் வந்ததும் தோழர்கள் தாங்கிப் பிடித்து இறக்குவார்கள். மேடையில் உட்கார்ந்தபடியே பேசுவார். வலி வந்தால் முனகுவார். வலி குறைந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடருவார்.

1973-ம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி தஞ்சாவூரில் விழா நடந்தது. தோழர்கள் பணம் திரட்டிப் புது வேன் வாங்கிக் கொடுத்தார்கள். வேறு யாராவது என்றால், அந்த வயதில் புது வீட்டுக்கு ஆசைப்பட்டிருப்பார்கள்!

நான்கே மாதங்கள்தான் அதில் சுற்றினார். டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் பேசினார். அதுவே கடைசிக் கூட்டம். மறுநாள் வலி அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அங்கிருந்து வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டிசம்பர் 24-ந் தேதி காலையில் உயிர் பிரிந்தது.

மறுநாள் சென்னை பெரியார் திடலில் அடக்கம் செய்தார்கள். அவர் போன வேனையும் அதே திடலில்தான் வைத்திருக்கிறார்கள்.