கிரீன்லாந்துத் தலைவர் அவ்கோ லிங்கே

உலகப் படத்தின் உச்சியிலே வெண்மையாகத் தீட்டப்பட்டிருக்கும் கிரீன்லாந்தைப் பனிக்கட்டியும் வெண்கரடியும் நிறைந்த இடம் என்ற அளவிலேயே நம்மிற் பலர் அறிவோம். அங்கும் ஒரு மக்கட் சமுதாயம் உண்டு. அதற்கென ஒரு மொழியும், பத்திரிகையும், இலக்கியமும், அரசியற் போராட்டமும் உண்டு. அச்சமுதாயம் இருபதாம் நூற்றாண்டிற் பெற்ற தலைவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அவ்கோ லிங்கே. ஆசிரியராய், பத்திரிகாசிரியராய், வாலிபர் சங்கமொன்றை நிறுவியவராய், ஈற்றிலே டென்மார்க்குப் பாராளுமன்ற உறுப்பினராய் விளங்கிய இவருடைய வரலாற்றை வாலிபராகிய நாம் அறிந்திருத்தல் நன்று.

இவர் 1899ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 16ஆந் திகதி, தென்மேற்குக் கரையிலுள்ள கெகெர்த்தார்சுவாற்சியாற் என்னுஞ் சிற்றூரிலே பிறந்தார். (ஊரின் பெயரைச் சொல்வதற்கே நமக்கு நாச் சுழல்கிறது.) அக்காலத்திற் கிரீன்லாந்து டென்மார்க்கின் குடியேற்ற நாடு. 1721இல் ஹான்ஸ் எகெட என்னும் பாதிரியார் வந்திறங்கியதிலிருந்து அங்கு கோவிலும் பாடசாலையும் வளர்ந்தன. வியாபாரமோ அரசாங்கத்தின் ஏகபோக உரிமையாக இருந்தது. அனுமதியின்றி வெளியார் எவரும் உள்ளே வரமுடியாது. டேனியருக்குங்கூட அதே விதிதான். உலகத்தோடு கலந்தால் இம்மக்கள் கெட்டழிந்து போவர் என்பது ஆண்டவர்கள் கூறிய காரணம். காப்பதற்காகப் பூட்டிய கதவு, உள்ளே இருப்பவனுக்குச் சிறைக்கதவாகவே தோன்றும்.

நூக் நகரிலிருந்த ஆசிரிய கலாசாலையிலே லிங்கே பயின்றார். உபதேசியாரையும் ஆசிரியரையும் ஒருங்கே உருவாக்கிய இடம் அது. பின் டென்மார்க்கிலே மேற்படிப்பை முடித்துத் தாம் படித்த கலாசாலைக்கே ஆசிரியராக மீண்டார். அப்பொழுது நாட்டின் வாழ்வே மாறிக்கொண்டிருந்தது. கடல்நீர் சற்று வெப்பமுற, கடல்நாய் குறைந்து கொட் மீன் பெருகிற்று. தலைமுறை தலைமுறையாகக் கடல்நாய் வேட்டையாடியவர்கள் தூண்டிலும் வலையும் எடுக்க நேர்ந்தது. பழைய வாழ்வு திரும்பி வராது, புதிய வாழ்வுக்குரிய கல்வியை உடனே தேடவேண்டும் என்பதே அவர் கொண்ட உறுதி.

அவ்வுறுதியை அவர் பிரசங்கமாகச் செய்யாது ஒரு நாவலாக எழுதினார். 1931இல் வெளிவந்த அந்நாவல், எகெட வந்து முந்நூறு ஆண்டு நிறைவுறும் 2021ஆம் ஆண்டைக் கற்பனை செய்கின்றது. கொள்ளைக்காரரைத் துரத்திப் பிடிக்கும் கதையினூடே, நகரங்களும் தொழில்களும் மலிந்து, டேனியரும் கிரீன்லாந்தரும் சரிநிகர் சமானமாக வாழும் நாடொன்றைக் காட்டுகிறார். கிரீன்லாந்து மொழியில் எழுந்த இரண்டாவது நாவல் இதுவே.

1934இல் அவர் தொடங்கிய பத்திரிகைக்கு இட்ட பெயர் நமக்கு மிக நெருக்கமானது. பனிவீடுகளிலும் புல்மண் வீடுகளிலும் எரிந்த கொழுப்பு விளக்கின் திரியைச் சீராக்கும் கோலின் பெயர் அது. நமது தமிழிலே தூண்டுகோல் என்ற ஒரே சொல்லில் அதனைக் கூறிவிடலாம். 1940இல் ஜேர்மனி டென்மார்க்கைக் கைப்பற்றியதும் கிரீன்லாந்து தாய்நாட்டிலிருந்து துண்டிக்கப்பட்டு, அமெரிக்கக் கப்பல்களை நம்பி வாழ்ந்தது. அந்தத் தனிமையின் நடுவே, 1941இல், நம் நாட்டின் பிள்ளைகள் எனப் பொருள்படும் பெயரோடு நாடளாவிய வாலிபர் சங்கமொன்றை நிறுவினார். மூடிய கதவு யுத்தத்தாற் திறந்துவிட்டது. இனி அதைப் பூட்டமுடியாது என்பதை அவர் கண்டுகொண்டார்.

யுத்தம் முடிந்தபின் மாறுதல் விரைந்து வந்தது. 1948இற் பிரதம மந்திரி ஹான்ஸ் ஹெற்றொவ்ற் நேரில் வந்து பார்த்தார். 1950இற் புதிய சட்டங்கள் பிறந்தன. 1953 ஜூன் 5ஆந் திகதி நடைமுறைக்கு வந்த டென்மார்க்கு அரசியலமைப்பு, குடியேற்ற நாடு என்ற நிலையை நீக்கிக் கிரீன்லாந்தை இராச்சியத்தின் ஒரு பாகமாக்கிற்று. 179 உறுப்பினர் கொண்ட பாராளுமன்றத்திலே இரண்டு ஆசனங்கள் கிடைத்தன. ஒன்றில் அவ்கோ லிங்கேயும் மற்றதிற் பிரெடெரிக் லிங்கேயும் அமர்ந்தனர்.

லிங்கேயின் வாழ்நாட் கனவு நிறைவேறியது என்று இவ்விடத்தில் முடித்துவிடலாம். ஆயின் உண்மை அவ்வளவு எளிதன்று. அம்மாற்றத்துக்கு 1952இற் கிரீன்லாந்து நாட்டுச் சபை சம்மதித்தது. மக்களிடம் வாக்கெடுப்பு நடக்கவில்லை. லிங்கே டேனிய மொழிக் கல்வியை ஓயாது வற்புறுத்தியவர். தாய்மொழியைத் துறக்கும்படி அவர் கூறவில்லை. டேனியம் தெரியாதவன் உலகத்தின் நூல்களையும் தொழில்களையும் எட்டமாட்டான் என்பதே அவர் வாதம். மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்ற நமக்கு அவ்வாதம் நன்கு விளங்குகிறது. அதன் விலையும் விளங்காமலில்லை. மொழியைக் கற்றால் சமத்துவம் தானே வருமென அவர் எண்ணினார். 1964இல் வந்த சட்டமோ, ஒரே வேலையைச் செய்தாலும் கிரீன்லாந்திற் பிறந்தவனுக்குக் குறைந்த சம்பளம் என விதித்தது. அவ்விதி 1991வரை நீங்கவில்லை. அதனாற் புண்பட்ட அடுத்த தலைமுறை வேறு வழி சென்றது. 1979இல் உள்நாட்டாட்சியும் 2009இல் தன்னாட்சியும் பெற்று, கிரீன்லாந்து மொழியொன்றையே ஆட்சிமொழியாக்கிற்று. அவர் கற்பனை செய்த 2021ஆம் ஆண்டும் வந்து கழிந்தது.

இதனால் லிங்கேயைப் பிழைபட்டவர் என்று தள்ளிவிடுவாரோடு நாம் உடன்படோம். அவரை எதிர்த்த இளைஞர் ஏந்திய ஆயுதங்கள், படிப்பும் பத்திரிகையும் சங்கமும், அவரும் அவர் காலத்தவரும் தேடிவைத்தவையே. அவர் பேசியது 1964ஐ அறிந்தன்று, பூட்டிய கதவை அறிந்து.

இவற்றையெல்லாங் காண அவர் இருக்கவில்லை. கிரீன்லாந்தைத் திறந்த பிரதம மந்திரியின் பெயரையே தாங்கிய ஹான்ஸ் ஹெற்றொவ்ற் என்னும் புதுக்கப்பல் 1959 ஜனவரியிலே தன் முதற் பயணத்தை மேற்கொண்டது. மாரிகாலத்தில் அக்கடலிற் பிரயாணிகளை ஏற்றிச் செல்லலாமோ என்ற கேள்வி கப்பல் கட்டுமுன்பே டென்மார்க்கில் எழுந்திருந்தது. இரட்டை அடித்தளமும் நீர்புகா அறைகளும் உடைய கப்பல் என்று நம்பிக்கை கொடுத்தனர். ஜனவரி 29ஆந் திகதி ககொர்த்தொக் துறையிலிருந்து கொப்பன்ஹேகனை நோக்கிப் புறப்பட்டது. மாலுமிகள் 40 பேர், பிரயாணிகள் 55 பேர். அவர்களுள் லிங்கேயும் ஒருவர். பத்திரமாக டென்மார்க்கிற் சேர்ப்பதற்கென நாட்டின் பழைய பதிவேடுகளையும் அதிலேயே ஏற்றியிருந்தனர். மறுநாட் தெற்கு முனைக்கப்பாற் புயலிலே பனிமலையொன்றில் மோதியதாகக் கம்பியில்லாத் தந்தி வந்தது. மாலையிற் செய்தி நின்றுவிட்டது. தேடிய கப்பல்களும் விமானங்களும் எதையும் காணவில்லை. ஒன்பது மாதங்களின்பின் உயிர்காப்பு வளையமொன்று மாத்திரம் ஐஸ்லாந்துக் கரையில் ஒதுங்கிற்று.