எரியும் ஏரியும் ஒன்றாக இருந்த காலம்

கோடை விடுமுறைக்குச் சிதறாலில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்த பேத்தி, ஆங்கில எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கிச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் என்னை மூன்று நாள்கள் தொடர்ந்து தோற்கடித்தாள். சீன மரபில் உயிராற்றலைக் குறிக்கும் கி, பீட்சாவின் சுருக்கமான ஸா என்று நான் கேட்டறியாத இரண்டெழுத்துச் சொற்களையெல்லாம் தயங்காமல் வைத்தாள். அவை யாவும் ஆட்டக்காரர்களுக்கான சொற்பட்டியலைப் பார்த்து மனப்பாடம் செய்தவை. தமிழில் இப்படி விளையாட எந்தப் பட்டியலைப் பார்ப்பது என்று அவள் கேட்டபோது, வீரமாமுனிவரை நினைத்துக்கொண்டேன்.

கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1680 நவம்பர் 8 அன்று இத்தாலியில் பிறந்தார். இயேசு சபைத் துறவியான பின், 1710இல் கோவாவுக்கு வந்து, அங்கிருந்து மதுரை மறைப்பணிக்கு வந்துசேர்ந்தார். தமிழ் கற்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 30. தைரியநாதர் என்று பெயர் சூட்டிக்கொண்டார்; வீரமாமுனிவர் என்ற பெயரே நிலைத்தது. சமயம் பரப்ப வந்தவர் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால், வந்த வேலைக்குப் போதுமான அளவு மட்டும் மொழியைக் கற்று அவர் நின்றுவிடவில்லை. 3,615 பாடல்கள் கொண்ட தேம்பாவணிக் காப்பியத்தை இயற்றும் அளவுக்குத் தமிழுக்குள் சென்றார்.

அவர் கற்ற காலத்தில் ஒரு தமிழ்ச் சொல்லின் பொருளைத் தமிழிலேயே அறிய நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுளால் ஆனவை. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர் என்று பொருள்வகையில் தொகுக்கப்பட்டவை. எங்கள் ஊர் மலையில் தீர்த்தங்கரர் உருவங்களைச் செதுக்கிய சமண மரபைச் சேர்ந்தவரே சூடாமணி நிகண்டை இயற்றிய மண்டல புருடர். அந்த நூலைத் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் முழுவதுமாக ஒப்பித்தார்கள். நிகண்டு நினைவில் இருந்தவருக்கே அதிலுள்ள சொல் கைக்கு வந்தது. மற்றவருக்குத் தேடும் வழி இல்லை.

1594இல் சிதம்பரம் ரேவண சித்தர் தம் அகராதி நிகண்டில் சொற்களை முதலெழுத்து வரிசையில் அடுக்கினார். 1679இல் அம்பலக்காட்டில் அச்சான தமிழ்–போர்ச்சுகீசிய அகராதியும் இருந்தது. இந்தப் பின்னணியில்தான் 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியை முடித்தார். அதன் நான்கு பகுதிகளை இன்று படிக்கும்போது, சொல்லாட்டக்காரர்களை எண்ணியே அமைத்ததுபோல் தோன்றும். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தருவது பெயரகராதி. ஒரு பொருளுக்குரிய பல சொற்களைத் தருவது பொருளகராதி. குறுக்கெழுத்துப் புதிர் போடுபவருக்கு வேண்டியது இதுவே. முக்குணம், ஐம்பூதம் போன்றவற்றை விரித்துரைப்பது தொகையகராதி. எதுகையில் ஒத்துவரும் சொற்களை ஒன்றுசேர்த்துப் புலவர்களுக்கு உதவுவது தொடையகராதி. நிகண்டுகளின் செல்வத்தை அவர் ஒதுக்கவில்லை. செய்யுளிலிருந்து எடுத்து, யாரும் தேடி எடுக்கும்படி வரிசையில் வைத்தார்.

தேடி எடுத்த சொல்லைச் சரியாகப் படிப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. எகர, ஒகரக் குறில்களுக்கு மேலே புள்ளி இடுவது பழைய மரபு. புள்ளி இல்லாவிட்டால் நெடில். ஓலையில் எழுதியவர்களோ புள்ளியைப் பெரும்பாலும் இடவில்லை. அதனால் எரி என்பதும் ஏரி என்பதும், கொடு என்பதும் கோடு என்பதும் ஓலையில் ஒரே வடிவில் நின்றன. படிப்பவர் இடம் நோக்கி ஊகிக்க வேண்டும். அன்று வாசிப்பதே ஒரு புதிர்தான். புள்ளியை நீக்கி, நெடிலுக்குத் தனி வடிவம் காட்டியவர் வீரமாமுனிவர். நாம் இன்று எழுதும் ஏகாரத்தின் கீழ்க்கோடும், ஓகாரத்தின் சுழியும், நெடிலுக்கான இரட்டைச் சுழிக் கொம்பும் அந்தச் சீர்திருத்தத்தின் பயன்கள்.

1747 பிப்ரவரி 4 அன்று அவர் மறைந்தார். சதுரகராதி முழுமையாகச் சென்னையில் அச்சேறியது 1824இல். அதுவரை ஏறத்தாழ நூறாண்டுகள் அது ஏட்டுப் பிரதிகளாகவே கைமாறியது.

ஆங்கிலச் சொல்லாட்டத்தின் வலிமை அதன் சொற்களில் மட்டும் இல்லை. ஸ்கிராபிளை உருவாக்கிய அமெரிக்கரான ஆல்ஃபிரட் பட்ஸ், 1930களில் செய்தித்தாள்களில் எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்தே கட்டைகளின் எண்ணிக்கையை வகுத்தார். பின்னர், எந்தச் சொல் செல்லும், எது செல்லாது என்பதற்குப் பட்டியல்கள் வந்தன. தமிழுக்கு 247 எழுத்துகள். வேற்றுமை உருபும் வினைவிகுதியும் ஏற்று ஒரு சொல் பல வடிவம் கொள்ளும். ஆகவே தமிழில் அந்த வேலை கடினமானது. ஆனால், எதுகை வாரியாகக்கூடச் சொல்லைத் தொகுத்துத் தந்த முன்னோடி உள்ள மொழிக்கு அது இயலாத வேலை அன்று. பள்ளிப் பிள்ளைகள் தமிழில் ஆட, அறிஞர்கள் கூடி ஒரு பொதுப் பட்டியலை வகுத்தால், அது அகராதிப் பணியின் தொடர்ச்சியாகவே அமையும்.

அதுவரை எங்கள் வீட்டில் அட்டையை வெட்டி எழுத்துகளை எழுதிக்கொண்டோம். சண்டை வந்தால் அகராதியைப் புரட்டுவது என்று பேசிக்கொண்டோம். பேத்தி முதலில் வைத்த சொல் ஏரி. அதை எரி என்று படித்து அவளோடு வாதாட எனக்கு வழி இருக்கவில்லை.